மூக்குக்கல்லுக்கு இடப்பக்கம்

"மாஸ்டர், இன்னும் என்ன வாங்கணும்?" என்று கேட்டான் குணாளன்.

ஜெனிட்டா ஒரு பின்சக்கரத்தைச் சுழலவிட்டு அதன் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

குணாளன் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பட்டறைத் தரையில் வைத்தான். முகத்தையும் மூடும் ஹெல்மெட். மார்புக் கவசம். முழங்கால் பேட், முழங்கை பேட். கழுத்தைச் சுற்றி மாட்டும் வளையம். எல்லாம் புதியவை. எல்லாம் அவன் தங்கை மிதிலாவின் அளவு.

"கடையே நடந்து வந்த மாதிரி இருக்குண்ணா."

"இது போதுமா?"

"எதுக்குப் போதுமா?"

"சனிக்கிழமை மிதிலா கழுத்துப் பாதையில இறங்கப் போறா."

ஜெனிட்டா சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"யார் பின்னால?"

"என் பின்னால."

ஜெனிட்டா அவனைவிட இளையவள். ஆனால் அந்த மலையில் சைக்கிளில் இறங்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளிடம் கற்றவர்கள். அதனால் வயது பார்க்காமல் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

கழுத்துப் பாதை என்பது காட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே மலை ஒடுங்குகிற இடம். இடப்பக்கம் மண்மேடு. வலப்பக்கம் ஒன்றுமில்லை. பாதையின் நடுவில் ஒரு பாறை மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மூக்குக்கல் என்று பெயர்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் கண்ணில் படுவதைக் கத்திச் சொல்ல வேண்டும். கல் என்றால் கல். வேர் என்றால் வேர். பின்னால் வருகிறவர் அதை நம்பி வருவார்.

குணாளன் எதையும் விட்டுவைக்க மாட்டான். அவனுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர்.

போன மழைக்காலத்துக்கு முன் மிதிலா அவன் பின்னால் வந்தாள். அவன் கத்தினான். அவள் மூக்குக்கல்லில் மோதி மேட்டுப் பக்கமாக விழுந்தாள். தோள்பட்டைக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. தகடு வைத்துத் திருகினார்கள்.

மிதிலா பள்ளி ஆசிரியை. வெகுநாள் அவளால் கரும்பலகையின் பாதிக்கு மேல் எழுத முடியவில்லை. இப்போதுதான் மேல் ஓரம் எட்டுகிறது. அதே இடத்தில் இன்னொரு தடவை விழுந்தால் கை அதற்குமேல் தூக்க வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"வேண்டாம்னு சொல்லிப் பார்த்தீங்களா?" என்றாள் ஜெனிட்டா.

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"இறங்கினா உன் பின்னாலதான் இறங்குவேன்னா. வேற யார் பின்னாலயாவது இறங்கினா, உன்னாலதான் விழுந்தேன்னு ஆயிடும்னா."

ஜெனிட்டா சக்கரத்தை மறுபடி சுழலவிட்டாள்.

குணாளன் பையின் அடியிலிருந்து கடைசியாக ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். உள்ளே இரண்டு கறுப்புப் பொத்தான்கள்.

"இதுதான் முக்கியம். ஹெல்மெட்டுக்குள்ள ஒட்டிக்கணும். நான் பேசினா அவ காதுக்குள்ளயே கேக்கும். அன்னைக்கு நல்ல காத்து, மாஸ்டர். நான் கத்தினது அவளுக்கு லேட்டாப் போயிருக்கு."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"எதை?"

"லேட்டாக் கேட்டுச்சான்னு."

அவன் கேட்டிருக்கவில்லை.

பள்ளி விட்டதும் மிதிலா பட்டறைக்கு வந்தாள். கையில் சுண்ணாம்புப் பொடி. தரையில் கிடந்தவற்றைப் பார்த்தாள்.

"யாருக்கு இந்தப் போர்க்கவசம்?"

"உனக்குத்தான்," என்றான் குணாளன்.

ஜெனிட்டா கேட்டாள். "மிதிலா, அன்னைக்கு உங்கண்ணன் கத்தினது கேட்டுச்சா?"

"கேக்காமயா? கீழ ஊருக்கே கேட்டிருக்கும். கல்லு, கல்லு, கல்லுன்னு."

"மோதறதுக்கு முன்னாடியேவா?"

"ரொம்ப முன்னாடியே."

குணாளன் தங்கையைப் பார்த்தான். "அப்புறம் ஏன் ஒதுங்கல?"

மிதிலா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"தெரியலண்ணா."

குணாளன் ஜெனிட்டா பக்கம் திரும்பினான். குரல் உயர்ந்துவிட்டது.

"நான் சொன்னது பொய்யா, மாஸ்டர்? அங்க கல்லு இல்லையா?"

"இருக்கு."

"சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லலையா?"

"சொல்லியிருக்கீங்க."

"அப்புறம் ஏன் விழுந்தா?"

ஜெனிட்டா ஒரு பொத்தானைத் தன் காதருகே வைத்துக்கொண்டாள். இன்னொன்றை அவனிடம் நீட்டினாள்.

"வண்டியை எடுத்துட்டு வாங்க."

பட்டறைக்குப் பின்னால் தேயிலை லாரிகள் திரும்புகிற ஒரு மைதானம். அப்போது லாரி எதுவும் இல்லை. ஜெனிட்டா தேங்காய் அளவில் ஒரு கல்லைத் தேடி எடுத்து மைதானத்தின் நடுவில் வைத்தாள். அந்தப் பரப்பில் வேறு ஒன்றுமே இல்லை.

"அந்தக் கோடியிலேர்ந்து இங்க வாங்க. கொஞ்சம் வேகமாவே வாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

குணாளன் சிரித்துக்கொண்டே போனான். திரும்பி மிதித்தான்.

காதுக்குள் ஜெனிட்டாவின் குரல் வந்தது.

"கல்லு."

"தெரியுது."

"கல்லு, அண்ணா."

"தெரியுது, மாஸ்டர்."

"பெரிய கல்லு. பாத்து. அதுல மட்டும் மோதிடாதீங்க. கல்லு. கல்லு."

முன்சக்கரம் கல்லில் ஏறியது. குணாளன் கைப்பிடிக்கு மேலே போய்ப் புழுதியில் விழுந்தான்.

மிதிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவ்வளவு பெரிய மைதானத்துல!"

பிறகு அவள் சிரிப்பு நின்றது. கை தானாகத் தோளுக்குப் போனது.

குணாளன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். யாரையும் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையே வந்துவிட்டான்.

"புரிஞ்சுது மாஸ்டர்."

"என்ன?"

"நீங்களே பாருங்க. என் பின்னால வாங்க."

இருவரும் உச்சியிலிருந்து காட்டுப்பாதையில் இறங்கினார்கள். குணாளன் வாயைத் திறக்கவில்லை. வேர் வந்தது, சொல்லவில்லை. பள்ளம் வந்தது, சொல்லவில்லை. ஈரப்பாறை வந்தபோது தொண்டை வரை வந்ததை விழுங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

வண்டியைப் போட்டுவிட்டு மேலே ஓடினான்.

ஜெனிட்டா ஒரு மரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஷூவுக்குள் புகுந்த அட்டைப்பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"விழுந்துட்டீங்களா?"

"இல்லை."

"வண்டியில ஏதாவது?"

"இல்லை."

"பின்ன ஏன் நின்னீங்க?"

"எனக்கு முன்னால யாரும் போற மாதிரியே தெரியல. தனியாத்தான் வர்றோம்னு நினைச்சுட்டேன்."

குணாளனுக்கு மூச்சு வாங்கியது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான். எறியத்தான் நினைத்தான். விலை ஞாபகம் வந்து வைத்தான்.

"சொன்னாலும் தப்பு. சொல்லாட்டியும் தப்பு. நான் என்னதான் பண்ணட்டும்? அவ கை, மாஸ்டர். என் கை இல்லை."

ஜெனிட்டா அட்டையைக் கண்டுபிடித்துச் சுண்டினாள்.

"மூக்குக்கல் எப்படி இருக்கும், சொல்லுங்க."

"என் முழங்கால் உயரம். உச்சியில வெள்ளையாப் பாசி. குறுக்கே ஒரு வெடிப்பு. மழை பேஞ்சா கறுப்பாயிடும். கீழ் ஓரத்துல மிதிலாவோட பெடல் உரசின கோடு இன்னும் இருக்கு."

"அதுக்கு இடப்பக்கம்?"

"மேடு."

"கல்லுக்கும் மேட்டுக்கும் நடுவுல?"

குணாளன் வாயைத் திறந்தான்.

அவன் அந்த வழியாக எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறான். அங்கேதான் அவன் சக்கரம் போயிருக்க வேண்டும். வேறு இடம் இல்லை.

"தெரியல," என்றான்.

ஜெனிட்டா ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை அவன் ஒரு கடப்பாரையுடன் வந்தான்.

"அந்தக் கல்லையே பேர்த்து உருட்டி விட்டுடறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கல்லு இருக்காது."

"அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கு. அதையும் பேர்ப்பீங்களா?"

"பேர்ப்பேன்."

"அவ வேற மலைக்குப் போனா?"

"கூடவே போவேன்."

"கடப்பாரையோடயா?"

அவன் சிரிக்கவில்லை. அவன் கண்கள் சிவந்திருந்தன.

ஜெனிட்டா கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"போய்ப் பெருக்கிட்டு வாங்க."

"கல்லையா?"

"கல்லைப் பெருக்கச் சொல்லல."

அவன் துடைப்பத்தோடு கழுத்துப் பாதைக்கு ஏறினான். எதிரே தேயிலைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள்.

"என்ன தம்பி, காட்டுக்கு வாசல் தெளிக்கப் போறியா?"

"ஆமாங்க்கா."

"கோலம் போடறதுன்னா மாவு நாங்க தர்றோம்."

அவர்கள் சிரிப்பு வளைவு வரை கேட்டது.

மூக்குக்கல்லின் முன் அவன் நின்றான். முதலில் கல்லைத்தான் பார்த்தான். பெடல் கோட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து, அதற்கு இடப்பக்கம் பெருக்கத் தொடங்கினான்.

சருகு போயிற்று. சருகுக்கு அடியில் சரளை. சரளையும் போயிற்று.

அதற்கடியில் ஒரு தடம் இருந்தது. மழமழவென்று, மண் இறுகி, நடுவில் லேசாகக் குழிந்து. எத்தனையோ டயர்கள் போய்ப் போய் உண்டான தடம். கல் ஆரம்பிக்கும் முன்பே ஆரம்பித்து, கல் முடிந்த பிறகும் போய்க்கொண்டிருந்தது.

அவன் அதில் உள்ளங்கையை வைத்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பார்த்தான். எழுந்து நின்றான். மறுபடி குனிந்து கொஞ்ச தூரம் பெருக்கினான்.

பட்டறைக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது.

"ஒரு சாண் இருக்கு, மாஸ்டர்," என்றான். "தாராளமா ஒரு சாண். கைப்பிடி மேட்டுல இடிக்காது. தோள் உரசும். ஆனா அங்க புல்லுதான்."

"துடைப்பத்தை மாட்டிட்டுப் போங்க," என்றாள் ஜெனிட்டா.

சனிக்கிழமை காலை மேகம் இறங்கிவிட்டது.

உச்சியிலிருந்து பார்த்தால் காடே இல்லை. பத்தடி தள்ளி நின்ற மரம் நிழல் போலத் தெரிந்தது.

"இன்னைக்கு வேண்டாம்," என்றான் குணாளன்.

"நாளைக்கு வேற காரணம் சொல்வே," என்றாள் மிதிலா.

"மேகம்டி."

"நாளைக்கு வெயில்டின்னு சொல்வே."

அவள் குரலில் கேலி இருந்தது. விரல்கள் மட்டும் கையுறையின் பட்டையைத் திரும்பத் திரும்ப ஒட்டிப் பிரித்தன.

ஜெனிட்டா மிதிலாவின் டயர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் கொஞ்சம் காற்றை இறக்கினாள். பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். சீட்டை இறக்கினாள். கழுத்து வளையத்தை மட்டும் கழற்றினாள்.

"இது உனக்குச் சேரல. தலை திரும்பாது. மத்ததெல்லாம் இருக்கட்டும்."

"மாஸ்டர்," என்றான் குணாளன். "நீங்க அவ பின்னால வரலையா?"

"இல்லை."

"ஏன்?"

"நான் வந்தா நீங்க எனக்காக ஓட்டுவீங்க."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

ஜெனிட்டா யோசித்தாள்.

"அட்டை இருக்கும். கீழ போனதும் ஷூவைப் பாருங்க."

குணாளன் பொத்தானை அழுத்தினான். "கேக்குதா?"

"கேக்குது," என்றது காதுக்குள் தங்கையின் குரல். அதற்குப் பின்னால் அவள் மூச்சும் கேட்டது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை.

இறங்கினார்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. முதல் வேர் வந்தது. நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது.

"நேரா வா," என்றான். "பிரேக்கை விட்டுடு. நேரா."

பின்னால் டயர் எதையோ தாண்டித் தொம்மென்று இறங்கிய சத்தம். பிறகு மூச்சு.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"வலது. மெதுவா வலது. இங்க மண்ணு நல்லாருக்கு. வா."

"வர்றேன்."

வளைவு. இன்னொரு வளைவு. அவன் கண்ணாடியில் நீர் கோத்தது. துடைக்கக் கை எடுக்கவில்லை.

அப்போது முன்னால் மேகத்துக்குள் ஏதோ அசைந்தது. மூக்கால் ஊதும் சத்தம்.

"நில்லு."

இருவரின் பிரேக்குகளும் ஒன்றாகக் கீச்சிட்டன.

"என்னண்ணா?"

"நில்லு. ஒண்ணு போகுது. போகட்டும்."

"காட்டெருமையா?"

"ம்."

"எவ்வளவு பெருசு?"

"பெருசுதான்."

அது பாதையைக் கடந்தது. அவசரமே இல்லாமல் கடந்தது. கிளைகள் முறியும் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது. பிறகு இலைகளில் நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

குணாளன் நின்ற இடத்தைப் பார்த்தான். அவர்கள் கழுத்துப் பாதையின் வாயில் நின்றிருந்தார்கள். வலப்பக்கம் மேகம் கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தது.

வேகத்தோடு வந்திருந்தால் வண்டி தானாகப் போயிருக்கும். இப்போது நின்ற நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

"எங்க இருக்கோம்?" என்றாள் மிதிலா.

அவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

"கழுத்துப் பாதை."

மூச்சு நின்றது. பிறகு வேகமாக வந்தது.

"நடந்து தள்ளிட்டுப் போகணும்னா தள்ளிட்டுப் போகலாம்," என்றான். "யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"சரி."

"முதல்ல நீ போ."

"என் பின் டயர் தெரியுதா?"

"தெரியுது."

"அது மறையாத தூரத்துல வா."

அவன் மிதித்தான். பின்னால் அவள் பெடல் ஒருமுறை வழுக்கியது, பிறகு பிடித்தது. சங்கிலி இறுகும் சத்தம் கேட்டது.

"வா. இடது தோளை மேட்டுக்குக் கொடு. புல்லு உரசும். உரசட்டும்."

"உரசுது."

"நல்லது. வா."

பாதை இறங்கியது. கைப்பிடி அவன் கையில் நடுங்கியது. பாதையா பள்ளமா என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாக இருந்தது. சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மண் மட்டும் தெரிந்தது. அது தெரிந்தவரை அவன் சொன்னான்.

"மண்ணு இறுகியிருக்கு. வா. கொஞ்சம் இடது. அப்படியே. வா."

"அண்ணா."

"ம்."

"கல்லு வருதா?"



ஆமாம் என்றால் அவள் தேடுவாள். இல்லை என்றால் அது பொய். அவள் குரல் மேலே ஏறிவிட்டது. பிரேக் கீச்சிட ஆரம்பித்தது.

"அண்ணா, கல்லு வருதா? சொல்லு."

"என் டயரைப் பாரு. அதுக்கடியில மண்ணு என்ன நிறம்?"

"என்னது?"

"நிறம் சொல்லு மிதிலா."

"சிவப்பு."

"ஈரமா?"

"இல்லை. காஞ்சிருக்கு. மழமழன்னு இருக்கு."

"நேத்துப் பெருக்கினேன்."

"நீயா? காட்டையா?"

"ம். எங்க போகுது பாரு."

"இடது பக்கமா வளையுது."

"வளைஞ்சு?"

"நேராகுது. கொஞ்சம் குழிஞ்சிருக்கு."

"அதுலயே வா. எங்க போகுதுன்னு சொல்லிக்கிட்டே வா."

அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் நடுங்கிச் சொன்னாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். வலது என்றாள். புல்லு என்றாள். இங்கே மணல் என்றாள். ஒரு தடவை, அட, பூவு, என்றாள். பிரேக்கின் கீச்சு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை. அவள் குரல் சொன்ன இடத்தில் அவன் சக்கரமும் போய்க்கொண்டிருந்தது.

மேகம் மெலிந்தது. எங்கோ பக்கத்தில் ஒரு பேருந்து வளைவுக்கு ஹாரன் அடித்தது.

டயருக்கடியில் சத்தம் மாறியது. கரகரப்பு போய் ஒரே சீரான ரீங்காரம்.

குணாளன் பிரேக்கைப் பிடித்தான். ஒரு காலைத் தரையில் ஊன்றினான். தார்.

மிதிலா வேகமாக வந்து அவன் பின் டயரை இடிக்காமல் நிறுத்தினாள். இரண்டு கையும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. உடம்பு இன்னும் முன்னால் குனிந்து, அடுத்த இறக்கத்துக்குத் தயாராக இருந்தது.

"ஏன் நிறுத்தினே?" என்றாள். "கல்லு இன்னும் வரலையே."